நோன்பு அரிசி

போன வெள்ளிக்கிழமை காலை, பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது களம்பூரிலிருந்து போன் வந்தது. அங்கே அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்த என் அண்ணன் குமரேசன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். முப்பது வயதுதான். நான் போளூரில் பஸ் பிடித்து ஆரணியில் அம்மா வீட்டுக்கு வருவதற்குள் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லாரிக்காரர்கள் லோடு தாமதமென்று கண்டபடி திட்டுவார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிங்க, சாப்ட்டீங்களா?" என்பார். இந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். அதில் என் பாவமும் இருக்கிறது.

அப்போது அவருக்குப் பத்து வயது, எனக்கு எட்டு. தீபாவளி லீவு. தீபாவளி நோன்புக்குப் படைக்கிற அதிரசத்துக்கு ஊறவைத்து நீர் வடித்த அரிசியைக் கொடுத்து, "ஈரம் காயறதுக்குள்ள ஜல்தியா அரைச்சுகினு வாங்க" என்று அம்மா அனுப்பினார். மாவு மிஷினில் ஒரே கூட்டம். "ஈர அரிசி கல்லுல ஒட்டிக்கும். கடைசியாத்தான் போடுவேன்" என்றார் மிஷின்காரர்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் பட்டாசு காத்திருந்தது. தறிக்காரர் வீட்டில் ஈரம் என்றாலே பயம். தறியில் பூட்டிய பாவு நூல் நனைந்தால் அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார். காய்ந்ததெல்லாம் நல்லது என்றுதான் என் புத்திக்குப் பட்டது. "காய வெச்சுட்டா சீக்கிரம் அரைச்சிடுவாருண்ணா" என்றேன். "அம்மா வேணாம்னாங்களே" என்று அண்ணன் தயங்கினார். நான் அழுதேன். அவர் துண்டை விரித்துக் கொடுக்க, வெயிலில் நானே பரப்பினேன்.

மாவில் ஈரப்பதம் இல்லாமல், அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து போனது. நோன்புத் தட்டில் வைக்க ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "யாரு காய வெச்சது?"

"நான்தாம்மா" என்றார் அண்ணன். முதுகில் இரண்டு விழுந்தது. நான் கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் பழி அவர் தலையில்தான் விடிந்தது. அப்பா படுக்கையில் விழுந்தபோதும், அண்ணனுக்குப் பெண் அமையாதபோதும், "நோன்பைக் கெடுத்தவனாச்சே" என்பார் அம்மா. என் கல்யாணத்துக்கு முந்தின நாள், "அம்மாகிட்ட சொல்லிடட்டாண்ணா?" என்று கேட்டேன். "வுடு, எனக்குப் பழகிப்போச்சு. இப்ப சொன்னா உன்னைப் பிடிச்சுக்குவாங்க" என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "நோன்பைக் கெடுத்தியேடா, அது உன்னையே வாரிகினு போச்சேடா." அம்மாவின் கையைப் பிடித்து, "நான்தாம்மா காய வெச்சேன். அண்ணன் இல்லம்மா" என்றேன். அம்மா கையை உதறினார்.

"செத்தவனுக்குப் பரிஞ்சுகினு பொய் சொல்லாதடி."

மூன்று முறை சொன்னேன். சத்தியம் செய்தேன். சுற்றியிருந்த பெண்கள், துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று என்னை அப்பால் கூட்டிப் போனார்கள். அண்ணனைத் தூக்கும்போது அம்மா வாசற்படியில் நின்று மறுபடியும் அதையேதான் சொல்லி அழுதார். அந்தச் சொல்லோடுதான் அண்ணன் தெருவைத் தாண்டிப் போனார்.

போய் வாருங்கள், அண்ணா. உங்கள் பேரில் இருந்த பழியை இங்கே என் பேருக்கு மாற்றி எழுதிவிட்டேன். அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாது.