ஊதியும் போகாத காற்று

"ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! நிறுத்தாதீங்க, அடியில இன்னும் கெடக்கு, வழிச்சு ஊதுங்க!"

ரெத்னோவின் குரல் மூடிய கதவைத் தாண்டி மருந்து கொடுக்கும் இடம் வரை கேட்கும். புதிதாக வருபவர்கள் உள்ளே பிரசவம் நடக்கிறதென்றே நினைப்பார்கள். செமாராங் நகரில் ஒரு மருத்துவமனையின் மூச்சுப் பரிசோதனை அறையில் பத்தொன்பது வருடமாக அவள் இப்படித்தான் கத்துகிறாள்.

கத்துவதோடு விட்டாலும் பரவாயில்லை. நோயாளி மூச்சை இழுத்தால் இவள் தோளும் ஏறும். அவர் ஊதினால் இவளும் குனிந்து ஊதுவாள். மத்தியானத்துக்குள் பதினைந்து பேருடைய மூச்சையும் தானே விட்டுத் தீர்த்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஆட்களை மூச்சுக்காற்றின் லிட்டரில்தான் எடை போடுவாள். கல்யாண வீட்டில் பாட்டுக்காரியின் நகையை ஊரே பார்க்கும்போது இவள் விலாவைப் பார்த்து, "மூணு லிட்டர் தேறும்" என்பாள். கிராம்புச் சிகரெட்டை விடாத கணவரைப் பற்றி யாராவது விசாரித்தால், "இருக்கறது ரெண்டரை, பேசறது அஞ்சு."

போன செவ்வாய்க்கிழமை துமிரா வந்தாள். சந்தையில் தெம்பே என்னும் சோயாக் கட்டி விற்பவள். அவள் கூவினால் மீன்கடைப் பூனை எழுந்து ஓடும். பித்தப்பையில் கல். வலி வந்தால் தரையில் புரள்கிறாள். வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. மூச்சுக் கணக்கு சரியாக வந்தால்தான் மயக்க மருந்து கொடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு குழாயில் ஊதினாள். முக்கால் லிட்டர். ஐந்து தடவையும் அதே கதை. எட்டு தடவைக்கு மேல் ஊத விடக்கூடாது. அதில் மூன்று தடவையாவது உருப்படியாக அமைய வேண்டும். பயிற்சி மருத்துவர் பாகுஸ் உதட்டைப் பிதுக்கினார். "நுரையீரல் அவ்வளவுதான் போல. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடலாம்."

"சந்தையே அதிர்ற தொண்டை தம்பி இது. முக்கால் லிட்டர்ல அப்படிக் கத்த முடியுமா? இவங்க உள்ள இழுக்கவே மாட்டேங்கறாங்க." ரெத்னோ ஸ்டூலை நகர்த்தி துமிராவின் எதிரில் உட்கார்ந்தாள். "ஏக்கா, காத்துல என்ன கஞ்சத்தனம்? ஓசிதானே?"

துமிரா ஏசியை முறைத்தாள். "அந்தப் பொட்டிக் காத்தையா? உள்ள பூந்துக்கிச்சுன்னா வயிறு உப்பி, மேலெல்லாம் கடுத்து, நாலு நாளு எந்திரிக்க முடியாது."

"இழுத்ததை அப்படியே ஊதித் தள்ளிடப் போறீங்க. அப்புறம் எங்க பூரும்?"

"யாரை ஏய்க்கறே? இந்த டாக்டர் தம்பிதானே சொன்னுச்சு, எவ்வளவு முக்கி ஊதினாலும் கடைசி ஒரு லிட்டரு வெளிய வராது, இந்த மிஷினுக்கே எட்டாதுன்னு! முதுகுல காசு வெச்சுச் சுரண்டிக் காத்தை எறக்கி விடற மகளும் ஜகார்த்தாவுக்குப் போயிட்டா. எனக்கு யாரு இருக்கா?"

பாகுஸ் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சொன்னது பாடப்புத்தகத்தில் உள்ள உண்மை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை பக்கத்தில் இருந்தவளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

ரெத்னோ ஏசியை அணைத்தாள். "தெனம் உங்களை மாதிரி பதினஞ்சு பேரோட நானும்தான் இழுக்கறேன். எனக்கு என்ன வந்துச்சு? குத்துக்கல்லாட்டம் இல்ல? காத்து பூந்தா சீக்காம்! வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே இழுப்போம். பூந்தா ரெண்டு பேருக்கும் பூரட்டும்."

துமிரா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு இருவர் தோளும் ஒன்றாக ஏறின.

"இப்ப சந்தையில கூவற மாதிரி! விடுங்கக்கா, விடுங்க, விடுங்க!"

இரண்டே கால் லிட்டர். அடுத்ததும் அதேதான். எட்டாவது ஊதலில் இன்னும் ஒரு துளி கூடுதல். பாகுஸ் தாளில் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை உறுதியாயிற்று. துமிராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருப்பே, மவராசி" என்று ரெத்னோவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாள். பாகுஸும் அவள் பின்னாலேயே நழுவினார்.

ரெத்னோ அடுத்த அறை நர்ஸ் யூனியைக் கூப்பிட்டு, கதவை உள்பக்கம் தாழிட்டாள். மேசை இழுப்பறையிலிருந்து தைலப் புட்டியையும் தேய்ந்த நாணயம் ஒன்றையும் எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு சட்டையின் பின்கழுத்தை இறக்கி, முந்தின வாரத்துச் சிவப்புக் கோடுகள் இன்னும் மறையாத முதுகைத் திருப்பிக் காட்டினாள்.