நீங்க ஒருத்தர்தான் பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருநின்றவூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். கேட் ஓரமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கும் செல்வியைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமாம். பார்க்கிங்குக்கு இடைஞ்சலாம். அந்த வண்டிதான் செல்விக்குச் சோறு.

"எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க சார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே நான்கு வரி... கீழே ஒரு கையெழுத்துகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராதா பின்னே? ஒரு காலத்தில் நானே சொன்ன வசனம் அது!

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் பர்சனல் ஆபீசராக இருந்தேன். எட்டு மணி நேர ஷிஃப்டைப் பன்னிரண்டாக்க நிர்வாகம் விரும்பியது. தொழிலாளர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது என் வேலை. கூட்டமாகக் கேட்டால் கூட்டமாக மறுப்பார்கள் அல்லவா? அதனால் ஒவ்வொருவராக அறைக்கு அழைத்தேன்.

முதலில் ஏழுமலை. கழனி வேலையை விட்டு வந்தவர். தனியாக நிற்கப் பயப்படுவார் – அதனால்தான் முதலில் அவர். எல்லாரும் போட்டாயிற்று என்றேன்.

"முருகேசன் கூடவா சார்?"

ஆமாம் என்றேன். போட்டார். அடுத்து அவருடைய நண்பர் முருகேசனை அழைத்து, ஏழுமலையின் கையெழுத்தைக் காட்டினேன். கவனித்தீர்களா? பொய் ஒரே ஒரு முறைதான் தேவைப்பட்டது. அதன்பின் நான் காட்டியதெல்லாம் நிஜக் கையெழுத்து.

ஓய்வுபெற்ற பிறகு, திருவள்ளூர் ஸ்டேஷனில் ஏழுமலையைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன்.

"உன் கையெழுத்தப் பாத்துதான் நான் போட்டேன்னு முருகேசன் அன்னிக்கே சொன்னான் சார். நான்தான் நம்பல. படிச்சவரு பொய் சொல்லுவாரான்னு அவனோட சண்ட போட்டுக்கினு, அப்புறம் பேசறதயே வுட்டுட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

செயலாளரிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லவில்லை. நான் போட மாட்டேன், வாருங்கள், மற்ற வீடுகளுக்குச் சேர்ந்தே போகலாம் என்றேன். முதல் கதவிலேயே பக்கத்து வீட்டுப் பெண் கேட்டுவிட்டாள்:

"நீங்க போட்டாச்சுன்னு நேத்து இவர் போன்ல சொன்னாரே அங்கிள்?"

செயலாளருக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்தது. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, படியில் இறங்கிவிட்டார். தாள் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது. வண்டி இடத்தை விட்டு அசையவில்லை.

விஷயம் செல்வி காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் நிறுத்திவைத்துக் கேட்டாள். "இன்னா சார், உன் சட்டைய ஊட்லயே தேச்சுக்கற. எனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சப்போர்ட்டு?" அன்று மாலையே நான்கு சட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். நிம்மதியாக இருந்தது.

'எல்லாரும் சரின்னுட்டாங்க' என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டுவையுங்கள். பெரும்பாலும் அந்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.