பாசாய் அரசியும் எங்கள் இறைச்சிக் கடையும்

நாற்பத்தெட்டு வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அதுவரை, நாங்கள் குடியேறிய அஜின்கோர்ட் என்ற புறநகரில், எங்கள் ஹலால் இறைச்சிக் கடையில் கணவரோடு நின்றவள். இந்து சமுத்திர வரலாற்று வகுப்பில் ஆளுக்கு ஓர் அரசைப் பற்றிப் பேச வேண்டும். நான் பாசாயை எடுத்தேன். சுமாத்திராவின் வடகரையில் மிளகு வணிகத்தால் தலையெடுத்த முஸ்லிம் அரசு அது. அந்தத் தீவுகளில் முதலில் எழுந்தவற்றுள் ஒன்று.

பேச எழுந்ததும் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது. மன்னர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த கிழமை மறுபடி பேசலாம் என்றார் பேராசிரியை. வீட்டுக்கு வந்து, இனிப் போகமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"நாள் முழுக்கக் கடையில சனத்தோட கதைக்கிறீர். அங்க மட்டும் ஏன் வாய் வராது? சனிக்கிழமை இஞ்சை வாறாக்களுக்குச் சொல்லிப் பாரும்" என்றார் அவர்.

சொன்னேன், ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டே. மன்னர்களுக்குப் பின் பாசாயை ஓர் அரசியும் ஆண்டதைச் சொன்னேன். வழக்கமாக வரும் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் பையை வாங்கிய பிறகும் நகரவில்லை.

"பொம்பிளையும் ஆண்டவவோ? சண்டை பிடிச்சே வந்தவ?"

"இல்லை அன்ரி, தகப்பனுக்குப் பிறகு வந்தவ. அவவின்ர கல்லறைக்குக் குஜராத்தில இருந்து கப்பல்ல சலவைக்கல் வந்திருக்கு."

"அட, முதல்ல அதையெல்லே சொல்லோணும் பிள்ளை!"

அடுத்த கிழமை தாள் எதுவும் இல்லாமல் எழுந்தேன். அரசியின் கல்லறையிலிருந்தே தொடங்கினேன். அதில் பூவேலைக்கு நடுவே செதுக்கிய குர்ஆன் வசனங்களைச் சொன்னேன். மிளகு ஏற்றிப்போன கடல்வழியில்தான் அந்தக் கல்லும் இஸ்லாம் மார்க்கமும் வந்தன என்றேன். என் ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன, ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. பின்வரிசைப் பையன்கள் கைபேசிகளைக் கீழே வைத்தார்கள்.

"ஒரு பெண் ஆள்வதை வணிகர்கள் ஏற்றுக்கொண்டார்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"துறைமுகம் ஓயவில்லை. அதுதான் அவர்கள் தந்த பதில்" என்றேன்.

வகுப்பே சிரித்துக் கைதட்டியது. பேராசிரியையும் எழுந்து நின்று தட்டினார். வெளியே வந்தபோது அந்த மாணவி பின்னாலேயே வந்து, அரசியைப் பற்றி இன்னும் கேட்டாள். நடைபாதையில் நின்றபடி சொல்லிக்கொண்டே இருந்தேன். என் பஸ் வந்து, நின்று, போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.