யாகோப்பர் வாங்கிய பிரெஞ்சு வைன்

யாகோப்பர் எங்கள் கடற்கரைக் கோயிலில் பீடத்தைக் கவனித்துவந்தவர். நிழலுக்கும் பயப்படுகிற மனிதர். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, பெரிய வியாழனுக்கு முதல் நாள், பொம்மர் விமானச் சத்தம் கேட்டதும் பூசை வைன் போத்தலை அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் குதித்தார். அவர் தப்பினார், போத்தல் தப்பவில்லை. இருந்ததே அது ஒன்றுதான். பொருளாதாரத் தடைக்குள் வேறு எங்கே தேடுவது? வைன் இல்லாவிட்டால் பூசை இல்லை என்றுவிட்டார் பாதர். ஊரே யாகோப்பரைப் பார்த்து முறைத்தது. நானும்தான்.

பாதருக்கு ஒரு வீடு நினைவு வந்தது. எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியில் காலஞ்சென்ற விரிவுரையாளர் சண்முகநாதன், பிரான்சில் பேர்போன திராட்சைத் தோட்டம் ஒன்றுக்கே போய், இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிவந்த சிவப்பு வைன் ஒரு போத்தல் அங்கே இருந்தது. மகன் பட்டம் பெறும் நாளில் உடைப்பதற்கென்று வைத்தது.

யாகோப்பர் இரண்டு போத்தல் மண்ணெண்ணெயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அதைவிடப் பெரிய விலை கிடையாது. சண்முகநாதனின் மனைவி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பராசக்தி ரீச்சர், வைனை எடுத்துவந்து மேசையில் வைத்தார், மண்ணெண்ணெயைத் தொடவில்லை.

“உந்த வைனை நீர் கொண்டுபோம். உங்கடை பூசையிலை பேர் வாசிக்கிறவையாம். என்ரை மகன்ரை பேரை வாசிச்சால் காணும், வேறொண்டும் வேண்டாம்.”

மகன் மார்க்கண்டு தொண்ணூறில் கொழும்புக்கு வெளிக்கிட்டவன், போய்ச் சேரவில்லை. யாகோப்பர் ஒரு கடதாசித் துண்டில் கை போன போக்கில் எழுதி நீட்டினார்: ‘மார்க்கண்டுவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.’

ரீச்சர் வாசித்தார். போத்தலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அவன் செத்திட்டான் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

அந்த நாட்களில் யாகோப்பரிடம் பேர் கொடுத்த எல்லாரும் செத்தவர்களுக்காகத்தான் கொடுத்தார்கள். அதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

“பிழை விட்டிட்டன் ரீச்சர். வெட்டிப்போட்டு எழுதுறன்.”

“அவன்ரை பேரிலை வெட்டு வேண்டாம். புதுத் துண்டிலை எழுதும்.”

‘சுகத்துக்காக’ என்று எழுதினார். ரீச்சர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்திருந்துவிட்டுத்தான் போத்தலைக் கொடுத்தார்.

மறுநாள் பூசைக்கு ரீச்சரும் வந்து கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தார். பாதர் பேர்களை வாசிக்க வாசிக்க, ‘நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்’ என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். ‘மார்க்கண்டுவின் சுகத்துக்காக’ என்றார். காதில் விழுந்தது, வாய்தான் நிற்கவில்லை. “நித்திய இளைப்…”

“நிப்பாட்டுங்கோ!” பீடத்தடியிலிருந்து யாகோப்பர் கத்தினார். “அவன் உயிரோடை இருக்கிறான்!”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசி வாங்கிலிருந்து ரீச்சர் மட்டும், “ஓம்” என்றார்.