திரையில் காணாமல் போன சுவர்

அந்தப் பூச்சு மேஸ்திரிக்குக் கட்டட வேலையில் மட்டப்பலகை என்று பட்டப்பெயர். சுவர் பூசும் நாட்களில் அந்தப் பலகை அவர் கையை விட்டு இறங்காது. டீ குடிக்கும்போதுகூட அக்குளில் இடுக்கிக்கொண்டிருப்பார். இனி வரைபடம் காகிதத்தில் வராது, டேப்லெட்டில்தான் வரும், எல்லாரும் பழகிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவரும் பயிற்சி வகுப்புக்குப் போனார்.

சொல்லிக்கொடுத்த பெண் பொறுமைசாலி. ஆனாலும் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விரலை விரித்தால் வீடு பெரிதாகிறது, சேர்த்தால் சுருங்குகிறது. திடீரென்று கட்டடமே பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. அவரும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"டேப்லெட்டைத் திருப்புங்க அண்ணா, கழுத்தை இல்ல."

திரையில் இருந்தது அவர் வேலை செய்யும் வீடுதான். மாடியில் இரண்டு படுக்கையறைகள், நடுவே ஒரு சுவர். போன வாரம் அவரே பூசியது. இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம் என்று தொட்டார். சிமெண்டில் காய்த்துப்போன விரலைத் திரை மதிக்கவில்லை. அழுத்தித் தேய்த்தார். படம் ஒருமுறை மினுங்கியது. சுவரைக் காணோம். இரண்டு அறையும் ஒன்றாகக் கிடந்தன.

சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல எழுந்து போனார்.

சாயங்காலம் தையல் கடையிலிருந்து திரும்பிய மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"ஏங்க, படத்துல அழிஞ்சா என்ன? சுவர் அங்கதானே நிக்கும்?"

"நிக்கும். ஆனா படத்தைப் பாத்துத்தானே வேலை செய்யறோம்?"

"குழப்பிக்காதீங்க, சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் காலை மாடிப்படி ஏறும்போதே சம்மட்டிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் அதே சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி போயே விட்டது.

"நிறுத்துங்கப்பா! நிறுத்துங்க! அது என் தப்பு!"

புழுதிக்குள்ளிருந்து சூப்பர்வைசர் வந்தார். "என்ன ஆச்சு மேஸ்திரி?"

"நான்தான் சார் அழிச்சேன். நேத்து கிளாஸ்ல, தெரியாம தேய்ச்சிட்டேன்."

சூப்பர்வைசர் தன் டேப்லெட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பாதிச் சுவரைப் பார்த்தார். "நீங்க அழிச்சீங்களா? அப்ப வீட்டுக்காரர் இடிக்கச் சொல்லலையா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?"

இப்போது சூப்பர்வைசருக்கும் குழம்பிவிட்டது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் முகம் தெளிந்து, கடைசியில் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர்தான் இரண்டு அறையையும் ஒன்றாக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று மத்தியானம் ஆபீசில் வரைபடத்தை மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய நிமிஷமே எல்லார் டேப்லெட்டிலும் மாறிவிடுமாம்.

"உங்களால பாக்கத்தான் முடியும் மேஸ்திரி. அழிக்க முடியாது."

"சரி சார். ஆனா நான் தேய்ச்சப்பதானே போச்சு?"

"ரெண்டும் ஒரே நேரத்துல நடந்திருக்கு. அவ்வளவுதான்."

சம்மட்டி மறுபடி விழுந்தது. தப்பு தன்மேல் இல்லை என்ற நிம்மதி வந்த கையோடு, நீவி நீவிப் பூசிய சுவர் பாளம் பாளமாகச் சரிவதைப் பார்க்க நெஞ்சு கனத்தது. எதற்கு வருத்தப்படுகிறோம் என்பது அவருக்கே பிடிபடவில்லை.

விஷயம் தெரிந்து மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க தேய்ச்சா சுவர் போகும்னா, நம்ம சமையலறையைக் கொஞ்சம் தேய்ங்க. திரும்பக்கூட இடம் இல்ல."

அங்கே மாற்றினால் இங்கே எப்படி மாறும் என்று அடுத்த வகுப்பில் துணிந்து கேட்டார். அந்தப் பெண் இரண்டு டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்து, மாற்ற அனுமதியுள்ள தன்னுடையதில் ஒரு கோடு போட்டாள். மற்றதிலும் அது வந்தது. "ஆபீஸ்ல இருக்கறதை நீங்க ஜன்னல் வழியாப் பாக்கற மாதிரி அண்ணா."

"அப்ப அந்தப் பக்கத்துலேர்ந்து அவங்களும் நம்மளைப் பாப்பாங்களா டீச்சர்?"

அவள் இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிட்டது.

பயிற்சி முடிந்து, இப்போது வேறொரு வீட்டில் வேலை. வரைபடத்தை அவரே திறக்கிறார், பெரிதாக்குகிறார், அளவு பார்க்கிறார். திறக்கும் முன்னால் எலக்ட்ரீஷியனை மட்டும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார்.

"நான் எதுக்கு அண்ணே?"

"சும்மா நில்லு. ஏதாவது காணாமப் போனா, நான் தொடலைன்னு சொல்ல ஒரு ஆள் வேணாமா?"