ஐவியின் கையெழுத்து

ஷெல்பி பதினெட்டு வயதில் பெற்ற பெண்ணைத் தத்துக் கொடுத்தவள். அமெரிக்காவில், அஸ்டோரியா ஊர் மீன் ஆலையில் என் பக்கத்து மேசையில் நின்று சால்மன் மீனுக்கு முள் எடுப்பாள். கத்திக்குப் பயப்படாதவள், ஒரு காகிதத்துக்குப் பயந்து செத்தாள். வருடத்துக்கு ஒரு முறை மகளைப் பார்க்கலாம், குடித்துவிட்டு மட்டும் வரக்கூடாது என்று நீதிபதி முத்திரை போட்ட ஒப்பந்தம் அது.

இப்போது வளர்க்கிறவர்கள் ஊர் மாறுகிறார்கள். ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டும். மகள் ஐவிக்குப் பதினான்கு வயதாகிவிட்டதால் அவள் கையெழுத்தும் வேண்டுமாம். வக்கீல் கடிதம் வந்ததிலிருந்து ஷெல்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவ போட மாட்டாக்கா. போன டிசம்பர்ல நான் போகலையே."

"காய்ச்சல்னுதானே சொன்னே?"

"பொய். அவளைப் பார்க்கிற பயத்துல காலையிலேயே பீர் குடிச்சுட்டேன். வாடை அடிச்சா ஒப்பந்தமே போயிடும்னு, நாங்க சந்திக்கிற பூங்கா வாசலோட திரும்பிட்டேன்."

"அடிப்பாவி!" என்று கத்தினேன். ஆத்திரமாக வந்தது. ஒப்பந்தத்தை மீறக்கூடாது என்று பிள்ளையைக் காக்க வைத்துவிட்டு வந்திருக்கிறாள், பைத்தியக்காரி.

வக்கீல் அலுவலகத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். படியேறும்போது அவள் கையை நான் விடவில்லை. உள்ளே, வளர்த்த தாய் க்ரெட்சன் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை, பெற்றவள் பக்கம் சாய்ந்துவிடுவாளோ என்று அவளுக்கொரு பயம்.

ஐவி பேனாவைத் தொடவில்லை.

"ஷெல்பி, டிசம்பர்ல ஏன் வரலை?"

ஷெல்பி என்னைப் பார்த்தாள். காய்ச்சல் என்று சொல்லித் தொலைப்பாளோ என்று எனக்குப் பக்கென்றது.

"வந்தேன். குடிச்சிருந்தேன். அதான் உள்ளே வரலை."

வக்கீல் தலை நிமிர்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"வந்தது தெரியும். பஸ் ஸ்டாப்புல உன்னைப் பார்த்தேன். கையாட்டினேன், நீ பஸ் ஏறிட்டே." ஐவி ஷெல்பியை நேராகப் பார்த்தாள். "என்னைப் பார்த்ததும் பிடிக்காம நீ போயிட்டேன்னு எட்டு மாசமா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"ஐயோ, இல்லடி..." ஷெல்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

க்ரெட்சன் மகள் பக்கம் திரும்பினாள். "இதை ஏண்டா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அவளை வரவே விடமாட்டியோன்னு பயமா இருந்துச்சும்மா."

க்ரெட்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து முதலில் தன் பெயரைப் போட்டாள். அடுத்து ஐவி போட்டாள். கடைசியாக ஷெல்பி, ஐவியின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.