தராசு மேடையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி

அடையாற்றங்கரையில் நோய் ஆராய்ச்சிக்காகக் கட்டிய கட்டடத்தை இன்றைக்கும் போய்ப் பாருங்கள். சுவரில் மயிரிழை விரிசல்கூட இருக்காது. அது என் கட்டடம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சித்தாளாக மண் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் பேரிலேயே எடுத்த முதல் காண்டிராக்ட் அது. பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் கேட்டு நின்ற வேலை. கட்டடக் கமிட்டிக்காரர்கள் எனக்குக் கொடுத்தார்கள். ஏன் கொடுக்கமாட்டார்கள்? மயிலாப்பூரில் நான் மேஸ்திரியாக நின்று எழுப்பிய வீடுகளில் குடியிருந்தவர்கள்தானே அவர்கள்.

கட்டி முடித்ததைப் பார்த்து, ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராக இருந்த டாக்டர் சரி என்று சொன்னால், பக்கத்தில் வரவிருந்த ஆபீஸ் கட்டடமும் எனக்குத்தான் என்று பேச்சு. இல்லையென்றால் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அதில் ஓர் அறை, மருந்து எடைபோடும் தராசுக்கு. மூச்சு பட்டாலே முள் ஆடும் தராசு. வெளி அதிர்வு ஏறாதபடி அதை வைக்க ஒரு செங்கல் மேடையைத் தனி அஸ்திவாரம் போட்டு, தரையையோ சுவரையோ தொடாமல், சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அப்படியே எழுப்பிக் கொடுத்தேன்.

தராசு வந்தது. டாக்டர் அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஜல்லி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று போனது. முள் ஆடியது.

"என்ன மேஸ்திரி, மாடு நடந்தா உம்ம மேடை ஆடறதே? நன்னா இருக்கு. ஆபீஸையும் உம்மகிட்டே குடுத்தா நாங்க நாற்காலியோட ஆடிண்டிருக்கணுமோ?"

என் வேலையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. குனிந்து மேடையின் அடியைப் பார்த்தேன். இடைவெளியைக் காணவில்லை. சுண்ணாம்பு வைத்து அடைத்து, கல்லால் தேய்த்து, முகம் பார்க்கும்படி மெருகேற்றியிருந்தது. அந்த மெருகு மதராஸிலேயே ஒரே கைக்குத்தான் வரும். என்னிடம் பூச்சு வேலை பார்த்த ராயப்பேட்டை பாய். ஆளைக் கூப்பிட்டேன்.

"பாய், இத யாரு அடைச்சது?"

"நான்தான். சந்து தொறந்துகினு கெடந்துச்சு. எவனோ மறந்துட்டுப் பூட்டான்னு பூசி வுட்டேன். இன்னா இப்போ?"

"அது வோணும்னே வுட்ட சந்து பாய்."

"வோணும்னே எவனாவது சந்து வுடுவானா? நாளைக்கு, பாய் பூசின எடத்துல ஓட்டை கீதுன்னு ஊர்ல பேசுவான். தொழிலு கத்துக்குடுத்த எங்க அத்தா பேரு இன்னாத்துக்கு ஆவும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்படி எவனாவது சொன்னா என்னண்ட அனுப்பும், பாய்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உளியோடு நானே உட்கார்ந்தேன். மேடையில் அடி படாமல் அந்தக் கண்ணாடிப் பூச்சைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தேன். வேறு எவனாவது செய்திருந்தால் மேடையே போயிருக்கும். பாய் பார்க்கப் பிடிக்காமல் முதுகைக் காட்டி நின்றார். பிறகு மனசு கேட்காமல் வந்து, வெட்டுப்பட்ட விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினார்.

"ஓட்டைன்னாலும் என் ஓட்டை ஒயுங்கா இருக்கணும்" என்றார்.

அடுத்த ஜல்லி வண்டி வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. என்னுடைய வண்டிகளையே செங்கல் பாரத்தோடு ஜன்னலை ஒட்டி ஓட்டச் சொன்னேன். ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. டாக்டர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"வண்டியை நிறுத்தச் சொல்லும் மேஸ்திரி, புழுதி உள்ளே வரது" என்றார். பிறகு, "ஆபீஸுக்கு அஸ்திவார வானம் எப்போ தோண்டப்போறீர்?"

வண்டிகள் செங்கலோடுதானே நின்றன. ஆபீஸ் வரப்போகிற இடத்திலேயே இறக்கச் சொல்லிவிட்டேன்.